ஆளில்லாக் கச்சேரி

2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 12-ந் தேதி பெர்லின் நகரத்தில் இரண்டு கச்சேரிகள் நடைபெற்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு ரஸிகர்கூட வந்து உட்காரவில்லை.

முதற் கச்சேரி, பெயர் பெற்ற பெர்லின் பில்ஹார்மோனிக் வாத்திய கோஷ்டியாருடையது. ஸர் ஸைமன் ராட்டில் முன்னின்று நடத்த, வித்வான்கள் மேடை நிறைய அமர்ந்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காலி நாற்காலிகளைப் பார்த்து வாசித்தார்கள். கொரோனா நோய் பரவி வந்தபடியால், சங்கீத மண்டபங்களை மூடும்படி அந்த வாரந்தான் உத்தரவாகியிருந்தது. இரண்டாவது கச்சேரி ஒரு வீட்டில் நடந்தது. இகோர் லெவிட் என்னும் பியானோ வித்வான், ஒரு தாங்கியில் கைபேசியை நிறுத்தி வைத்துவிட்டு, வீட்டில் உடுத்தும் சாதாரண உடையோடு பியானோவின் முன் அமர்ந்தார். இரண்டொரு வார்த்தை பேசினார். பிறகு பீத்தோவன் இயற்றிய 'வால்ட்ஸ்டைன்' ஸொனாட்டாவை வாசிக்க ஆரம்பித்தார். அந்நாளில் 'ட்விட்டர்' என்று பெயர் வழங்கிய சமூக வலைத்தளத்தின் வழியாக ஆயிரக்கணக்கான பேர், தத்தம் வீட்டில் அடைபட்டிருந்தபடியே, அதைக் கேட்டார்கள்.

இந்த இரண்டில் நம் மனத்தை அதிகமாகக் கவர்வது இரண்டாவதுதான். வாத்திய கோஷ்டிக்குப் பின்னால் ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. மாதச் சம்பளம் இருக்கிறது. நல்ல காமிராக்களும் அவற்றை இயக்க ஆட்களும் இருக்கிறார்கள். தனி வித்வானுக்கோ கச்சேரி மண்டபந்தான் வயல், ரஸிகர்கள்தான் மழை. மண்டபத்துக் கதவைச் சாத்திவிட்டால், மறுநாள் காலையில் எழுந்து அவர் என்ன செய்வது?

லெவிட் ருஷ்யாவில் கோர்க்கி நகரத்தில் 1987-ல் பிறந்தவர். அந்த நகரத்துக்கு இப்போது நிஷ்னி நோவ்கரட் என்று பெயர். யூத வம்சத்தவரான அவருடைய குடும்பத்தார் 1995-ல் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குக் குடி வந்தார்கள். பையனுக்கு அப்போது எட்டு வயது. 2018-ல் அமெரிக்காவின் கில்மோர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுத் தொகை மூன்று லட்சம் டாலர். இந்தப் பரிசுக்கு யாரும் விண்ணப்பம் போட முடியாது. நடுவர்கள், வித்வானுக்கே தெரியாமல், அவருடைய கச்சேரிகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தீர்மானம் செய்கிறார்கள். சிபாரிசுக் கடிதங்களின் மகிமையை அறிந்த நம்மவர்களுக்கு இது சற்று விசித்திரமாகவே தோன்றும். 2019-ல் பீத்தோவனின் முப்பத்திரண்டு ஸொனாட்டாக்களையும் அவர் இசைத்தட்டாக வெளியிட்டார். அடுத்த வருஷம் பீத்தோவன் பிறந்து 250 வருஷம் நிறைவடைய இருந்தது. அந்த வருஷத்தில் அவருக்குக் கச்சேரிகள் குவிந்திருந்ததில் வியப்பில்லை. அவ்வளவும் ஒரே வாரத்தில் நின்று போயின.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். லெவிட் பட்டினி கிடக்கவில்லை. 2019 முதல் ஹானோவர் சங்கீதக் கல்லூரியில் அவருக்குப் பேராசிரியர் பதவி இருந்தது. அவர் இழந்தது அன்னத்தையல்ல, கேட்பவர்களை. அந்த இழப்பு எத்தகையது என்பதை நாம் ஓரளவு அறிவோம். அதே வருஷத்தில் நாமும் பள்ளிக்கூடத்து வகுப்பை விட்டு, வீட்டுக் கூடத்தில் கைபேசியின் முன் நின்று பாடம் நடத்தியவர்கள்தாம். முன் பெஞ்சியில் ஒரு பையன் புருவத்தைச் சுருக்கினால், சொன்னது விளங்கவில்லையென்று தெரிந்து கொண்டு மறுபடி சொல்வோம். கடைசிப் பெஞ்சியில் ஒருவன் கொட்டாவி விட்டால் ஒரு கதையை எடுத்து விடுவோம். கைபேசிக்குப் புருவமும் இல்லை, கொட்டாவியும் இல்லை. நாற்பது நிமிஷம் பேசி முடித்த பிறகு, பேசினோமா அல்லது பிதற்றினோமா என்றே சந்தேகம் வந்துவிடும். ரஸிகர்களின் தலையசைப்பில் வளர்ந்த வித்வானுக்கு அந்தச் சந்தேகம் எத்தனை பங்கு அதிகமாக இருந்திருக்கும்!

ஆயினும் அவர் நிறுத்தவில்லை. மார்ச்சு முதல் மே வரையில் மொத்தம் 52 வீட்டுக் கச்சேரிகள் நடத்தினார். ஜெர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் சிறிது பேசுவார், உடனே வாசிப்பார், முடிந்ததும் எழுந்து வந்து கைபேசியை நிறுத்துவார். மண்டபத்தில் வாசிப்பதற்கென்று சபைக் காரியதரிசிகள் விரும்பிக் கேட்கும் உருப்படிகளை மட்டுமா வாசித்தார்? இல்லை. தம் மனம் அன்றைக்கு எதை வேண்டியதோ அதை வாசித்தார். ஒரு நாள், பாக் என்பவர் தனி வயலினுக்காக எழுதிய 'ஷக்கோன்' என்ற உருப்படி. பிராம்ஸ் அதைப் பியானோவில் இடது கையினால் மட்டுமே வாசிக்கும்படி மாற்றி அமைத்திருக்கிறார். வலது கை மடியில் சும்மா கிடக்க, ஒற்றைக் கை அத்தனை பெரிய கட்டடத்தையும் எழுப்பிக் காட்டும். இன்னொரு நாள், பிரெடரிக் ஷெவ்ஸ்கி என்னும் அமெரிக்கர், சீலி தேசத்து ஜனங்களின் போராட்டப் பாட்டு ஒன்றை எடுத்துக் கொண்டு 1975-ல் இயற்றிய 36 மாறுபாடுகள். ஒரு மணி நேரம் பிடிக்கும் இந்த உருப்படியைச் சாதாரணமாக எந்தச் சபையும் எளிதில் ஏற்காது.

ஏப்ரலில் அவர் முதன் முதலாக வெளியே போய் வாசித்தார். ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர் தமது பெல்வியூ மாளிகைக்கு அவரை அழைத்தார். அங்கேயும் கூடம் காலிதான். காமிரா மட்டுமே இருந்தது. தலைவரின் மாளிகையிலேயே ஆளில்லாக் கச்சேரி என்றால் மற்ற இடங்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா? நம் நாட்டிலும் அந்த வருஷம் மதுரையில் மீனாட்சியம்மன் திருக்கல்யாணமே ஜனங்கள் இல்லாமல்தான் நடந்தது. ஜனங்கள் அதை வீட்டிலிருந்தபடி திரையில் கண்டு தாலிச்சரடு மாற்றிக் கொண்டார்கள்.

லெவிட்டுக்குப் பதவி இருந்தது என்றோம். பெர்லினில் பதவி இல்லாத கலைஞர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அந்த நகர அரசாங்கம், சொந்தமாகத் தொழில் செய்வோருக்கும் கலைஞர்களுக்கும் 5,000 யூரோ வரையில் உடனடி உதவி தருவதாக மார்ச்சு மாத இறுதியில் அறிவித்தது. அறிவித்தவுடனே விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. அது நல்ல காரியம். நம் நாட்டு நாகஸ்வரக்காரரும் தவுல்காரரும் கல்யாணப் பருவம் முழுவதும் வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் பொறாமைகூட உண்டாகிறது. ஆனால் ஒரு தடவை கொடுக்கும் பணம் ஒரு வருஷத்துக்கு வருமா?

இந்த நிலைமையில்தான் லெவிட் மே மாதம் 30-ந் தேதி ஒரு காரியம் செய்தார். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எரிக் ஸாட்டி என்று பிரான்ஸ் தேசத்தில் ஒரு விசித்திரமான சங்கீத கர்த்தா இருந்தார். 1893-ஆம் வருஷ வாக்கில் அவர் ஒரே ஒரு பக்கத்தில் அடங்கக்கூடிய சிறிய உருப்படி ஒன்றை எழுதி வைத்தார். அதற்கு 'வெக்ஸாஸியோன்' என்று பெயர். தொந்தரவுகள், நச்சரிப்புகள் என்று தமிழில் சொல்லலாம். மிகவும் மெதுவாக வாசிக்க வேண்டிய இந்த உருப்படியின் தலைப்பில், இதை அடுத்தடுத்து 840 தடவை வாசிக்க விரும்புகிறவர் முன்கூட்டியே மௌனத்திலும் அசைவின்மையிலும் தம்மைத் தயார் செய்து கொள்வது நலம் என்ற கருத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். விளையாட்டாக எழுதினாரோ, விரதமாக எழுதினாரோ? அவர் ஜீவித காலத்தில் இது அச்சாகவும் இல்லை. 1963-ல் ஜான் கேஜ் என்ற அமெரிக்க வித்வான், பல பியானோக்காரர்களைச் சேர்த்துக் கொண்டு, மாற்றி மாற்றி உட்கார வைத்து, நியூயார்க்கில் இதை 840 தடவையும் வாசிக்கச் செய்தார். பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நம் ஊர்ப் பஜனை மடங்களில் அகண்ட நாமம் நடத்துகிறவர்கள் முறை வைத்துக் கொள்வதைப் போலத்தான்.

லெவிட் முறை வைத்துக் கொள்ளவில்லை. பெர்லினில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மத்தியானம் தனியாக உட்கார்ந்தார். பக்கத்தில் 840 காகிதங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு காகிதத்திலும் அதே உருப்படி. ஒரு தடவை வாசித்து முடித்ததும் ஒரு காகிதத்தை எடுத்துத் தரையில் போடுவார், மறுபடி ஆரம்பிப்பார். உலகமெங்கும் ஜனங்கள் கணினித் திரையிலும் கைபேசியிலும் பார்த்துக் கொண்டிருந்தார்கள். சாயங்காலமாயிற்று, இரவாயிற்று. மிகச் சிறிய இடைவேளைகளுக்கு மட்டும் எழுந்து போய் வந்தார். காகிதங்கள் தரையில் சிதறிக் கொண்டே வந்தன. மறுநாள் விடியற்காலையில் கடைசிக் காகிதத்தைக் கீழே போட்டபோது பதினைந்து மணி இருபத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு தடவைக்கு ஒரு நிமிஷத்துக்குச் சற்றே கூடுதலாகிறது.

அந்தப் பதிவில் சில பகுதிகளை நாம் பிற்பாடு பார்த்தோம். முழுவதும் பார்த்ததாகப் பொய் சொல்லத் தயாரில்லை. பத்து நிமிஷத்தில் அலுப்பு வருகிறது. அரை மணியில் எரிச்சல் வருகிறது. அதற்கு மேலும் பொறுமையோடு உட்கார்ந்திருந்தால் எரிச்சல் போய், வேறொரு நிலை வருகிறது. அந்த ஊரடங்கு நாட்களை நினைத்துப் பாருங்கள். நேற்றைப் போலவே இன்று. இன்றைப் போலவே நாளை. அதே நான்கு சுவர், அதே ஜன்னல், அதே ஒரு பக்கத்தை மறுபடி மறுபடி வாசித்த ஜீவனம். மற்ற வித்வான்கள் அந்தத் துன்பத்தை மறக்கச் செய்யும் சங்கீதத்தை வழங்கினார்கள். லெவிட் அந்தத் துன்பத்தையே எடுத்து, ராகம் மாற்றாமல், அப்படியே நம் முன் வைத்துவிட்டார். இதைச் சத்தமில்லாத ஓர் அலறல் என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அலறல் யாருக்காக? தரையில் கிடந்த காகிதங்கள் அதற்கு விடை சொல்கின்றன. அவற்றைத் தனித்தனியாக விற்று, வரும் பணத்தை வேலையிழந்த கலைஞர்களுக்குக் கொடுப்பது என்பது அன்றைய ஏற்பாடு.

ஆகஸ்டு மாதத்தில் ஜனங்கள் மறுபடி கண்ணுக்குத் தென்பட்டார்கள். ஆஸ்திரியாவில் ஸால்ஸ்பர்க் உற்சவத்துக்கு அது நூறாவது வருஷம். முற்றிலும் கைவிடாமல், முப்பது நாளில் 110 நிகழ்ச்சிகளாகச் சுருக்கி, இடைவெளி விட்டு ஆட்களை உட்கார வைத்து நடத்தினார்கள். லெவிட் அங்கே எட்டுக் கச்சேரிகளில் பீத்தோவனின் 32 ஸொனாட்டாக்களையும் வாசித்தார். செப்டம்பரில் அவருடைய புதிய இசைத்தட்டு வந்தது. அதன் கடைசி உருப்படி மார்ட்டன் பெல்ட்மன் இயற்றியது. அரை மணி நேரத்துக்கு ஸ்வரங்கள் காதோடு பேசுவது போல் விழுகின்றன. வீட்டில் தனியாக வாசித்துப் பழகிய கைக்குத்தான் இவ்வளவு தாழ்ந்து பேசத் தைரியம் வருமோ என்று நமக்குத் தோன்றிற்று.

புகழ் வந்தால் பின்னோடு தூஷணையும் வரும் அல்லவா? அக்டோபரில் ஜெர்மன் குடியரசு அவருக்கு விருது அளித்தது. யூதத் துவேஷத்தை எதிர்த்து அவர் பேசி வந்ததும் விருதுக்கு ஒரு காரணம். அதே மாதத்தில் ஒரு பெரிய ஜெர்மன் தினசரி, அவருடைய வாசிப்பையும் வலைத்தளப் பேச்சையும் ஒருங்கே இகழ்ந்து கட்டுரை வெளியிட்டது. வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். பத்திரிகையார் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. வித்வான் வித்வானாக மட்டும் இருக்க வேண்டும், ஊர் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்று சொல்கிறவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். நம் தேசத்தில் சுதந்திரப் போராட்ட காலத்தில் மேடைக்கு மேடை தேசியப் பாட்டுப் பாடிய நாடக நடிகர்களிடமும் இதைத்தான் சொன்னார்கள்.

நவம்பரில் நோய் மறுபடி தலை தூக்கிற்று. ஜெர்மனியில் மண்டபங்களை மீண்டும் மூடினார்கள். இந்தத் தடவை லெவிட் வீட்டுக்குள் உட்காரவில்லை. ஹெஸ்ஸே மாகாணத்தில் டன்னன்ரோட் என்றொரு காடு இருக்கிறது. நெடுஞ்சாலை போடுவதற்காக அந்தக் காட்டு மரங்களை வெட்டிக் கொண்டிருந்தார்கள். வெட்டக் கூடாதென்று வாலிபர்களும் பெண்களும் மரங்களின் மேலே குடில் கட்டிக் கொண்டு மாதக்கணக்கில் வசித்து வந்தார்கள். டிசம்பர் மாதத்துக் குளிரில் லெவிட் அங்கே போனார். காட்டின் நடுவே பியானோவின் முன் அமர்ந்து அவர்களுக்காக வாசித்தார். விரல் விறைக்கும் குளிரில், கூரையில்லாத இடத்தில், அந்த வாத்தியத்துக்குச் சுருதி நிற்பதே கஷ்டம். ஆனால் எதிரே மனிதர்கள் இருந்தார்கள்.

டிசம்பர் 8-ந் தேதி கடைசி மரத்தையும் வெட்டி முடித்துவிட்டார்கள்.