மோரே: திறக்கக் காத்திருக்கும் கிழக்கு வாசல்

புது தில்லி: சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தை 2005-ம் ஆண்டு மே மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. துறைமுகங்களையும் பெருநகரங்களையும் சார்ந்தே அம்மண்டலங்கள் பெரும்பாலும் வளர்ந்தன. எல்லைப்புற ஊர்களின் வணிகமோ வேறு பாதையில் சென்றது. மணிப்பூரின் மோரே அதற்குச் சான்று.

இந்திய - மியான்மர் எல்லை வணிக ஒப்பந்தம் 1994 ஜனவரியில் கையெழுத்தானது. 1995 ஏப்ரலில் மோரே - டாமு வழியே வணிகம் தொடங்கியது. முதலில் 22 பொருள்களுக்கே அனுமதி. பின்னர் அது 40 ஆகவும், 2012-ல் 62 ஆகவும் உயர்ந்தது. 2015 டிசம்பர் முதல் தேதியுடன் பண்டமாற்று முறை கைவிடப்பட்டது. ஆயினும், அனுமதிப் பட்டியலுக்கு வெளியே தலைச்சுமையாகக் கைமாறிய சரக்கே ஊரை வாழவைத்தது என்பது அனைவரும் அறிந்த ரகசியம்.

இவ்வூருக்கும் தமிழர்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பின் பர்மாவிலிருந்து வெளியேறியவர்களில் சிலர், தரைவழியே மீண்டும் அங்கு செல்ல முயன்றனர். அது இயலாமல் மோரேயிலேயே தங்கினர். அவர்கள் எழுப்பிய அங்காள பரமேஸ்வரி கோயில் இன்றும் ஊரின் அடையாளம். குகி, மைதேயி, தமிழர், நேபாளி எனப் பல இனத்தவரை ஒரே சந்தையில் சேர்த்தது வணிகமே.

2019 ஜனவரியில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைப் பிரதமர் திறந்து வைத்தார். நம்பிக்கை நீடிக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லை வாயில் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த இனக் கலவரத்தில் மோரேயும் எரிந்தது. எல்லைவாசிகள் விசாவின்றி 16 கி.மீ. வரை சென்றுவர அளிக்கப்பட்டிருந்த சலுகை ரத்தாகும் என 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. டிசம்பரில் அந்தத் தொலைவு 10 கி.மீ. ஆகக் குறைக்கப்பட்டு, அனுமதிச் சீட்டும் கட்டாயமாக்கப்பட்டது. 1,643 கி.மீ. எல்லைக்கு வேலி அமைக்கவும் முடிவாயிற்று.

ஆயுதம், போதைப்பொருள் கடத்தல் குறித்த அரசின் கவலை நியாயமானதே. ஆனால், முறையான வணிகத்துக்கான வழி அடைபட்டால் பெருகுவது கடத்தல்தான். பிழைப்பை இழப்பவர்கள் சுமை தூக்குவோரும் சிறு வணிகர்களும். வேலிக்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பங்கை, அமைதியை மீட்டுச் சந்தையைத் திறப்பதற்கும் தில்லி ஒதுக்குமா?