தோட்டத்துக்குள் வந்தாலும் காட்டு விலங்குதான்

"செம்பனைக் கன்றுகளைப் பன்றி தோண்டித் தின்கிறது. என் நிலத்தில் நான் கண்ணி வைத்தால் என்ன?" என்பது இந்த விவகாரத்தில் எப்போதும் எழும் கேள்வி. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் ஒப்பவில்லை.

தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. சபா, சரவாக்கிற்குத் தனிச் சட்டங்கள். காட்டுப்பன்றியும் இதன் பட்டியலில் இருக்கிறது. வேட்டைக்கு பெர்ஹிலித்தான் உரிமம் தேவை. துப்பாக்கி என்றால் போலீஸ் உரிமமும் வேண்டும். ஒன்றிருந்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்! தாமான் நெகாராவுக்குள் இவை இரண்டும் இருந்தாலும் வேட்டையாட முடியாது. உரிமமின்றி வேட்டையாடிய இறைச்சியை வீட்டில் வைத்திருப்பவரும் சிக்குவார். பண்டிகைக்கு வாங்குவோர் கவனிக்கவும்.

கம்பிக் கண்ணியை வைத்திருப்பதே குற்றம். பன்றி எது, புலி எது என்று கம்பிக்குத் தெரியாது. சிக்கிய விலங்கு இழுக்க இழுக்க, கம்பி எலும்புவரை இறங்கும். காட்டில் எஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் உச்சத் தண்டனை 10 லட்சம் வெள்ளி அபராதம், 15 ஆண்டு சிறை என உயர்ந்தது.

ஓராங் அஸ்லி மக்கள் குடும்ப உணவுக்காகச் சில விலங்குகளை வேட்டையாடலாம். விற்கக் கூடாது.

பன்றித் தொல்லை தாங்கவில்லையா? பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். சேதத்தின் படமும் தேதியும் கையில் இருக்கட்டும்.