ஸ்லாவிய மொழிகளில் ‘கடவுள்’ என்னும் சொல்

கி.பி. 863இல் மொராவியாவுக்கு அனுப்பப்பட்ட சீரில், மெத்தோடியு என்னும் சகோதரர், திருமறையை ஸ்லாவிய மொழியில் பெயர்க்கையில், ‘தெயோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மக்களின் பழஞ்சொல் ஒன்றையே எடுத்தாண்டனர். அதன் வரலாறு திருமறையை விளக்குவோர்க்குப் பயன்தருவதாகும்.

எழுத்து வழக்கிற்கு முற்பட்ட மூல ஸ்லாவியத்தில் அதன் வடிவம் ‘பொகு’ என மொழிநூலார் மீட்டமைக்கின்றனர். அதன் ஈற்றுயிர் நம் குற்றியலுகரம்போல் மிகக் குறுகி ஒலித்துப் பின்னர் மறைந்தது. எனவே இன்று ரஷ்யத்திலும் பல்கேரியத்திலும் ‘போக்’ எனவும், போலிஷில் ‘புக்’ எனவும், செக் மொழியில் ‘பூஹ்’ எனவும் காண்கிறோம்.

தாரியு மன்னனின் பெகிஸ்தூன் கல்வெட்டில் கடவுளைக் குறிக்கும் ‘பக’ என்பதும், வேதத்தில் செல்வத்தைப் பங்கிட்டளிக்கும் தேவனாகிய ‘பகன்’ என்பதும் இதற்கு இனமானவை. வடமொழியிலுள்ள பகவான், பக்தி, பாக்கியம் ஆகியனவும் ‘பங்கிடுதல்’ எனப் பொருள்படும் அதே வேரினின்று கிளைத்தவை. ஸ்லாவியர் இச்சொல்லை மரபாகப் பெற்றனரோ, ஈரானிய இனத்தாரிடம் கடன்கொண்டனரோ என்பதில் அறிஞர் இருவேறு கருத்தினர். மரபுச் சொல்லாயின் அதன் முதல் உயிர் நீண்டிருக்க வேண்டும் என்பது கடன் என்பாரின் வாதம். தமிழிலுள்ள ‘பகு’ என்னும் வினை ஒலியாலும் பொருளாலும் ஒத்திருப்பினும் திராவிட வேரினது. அதனை இங்கு இணைத்தல் தவறாகும்.

இச்சொல்லின் வழித்தோன்றல்கள் கருதத்தக்கவை. ரஷ்யத்தில் ‘பொகாத்தி’ செல்வமுடையவன், ‘உபோகி’ வறியவன். போலிஷில் ‘ஸ்போஷெ’ தானியம். முன்னர் அது செல்வத்தையும் குறித்தது. இவற்றிலெல்லாம் ‘பங்கு’ என்னும் பழம்பொருளே எஞ்சியுள்ளது.

இங்கேதான் பிரசங்கியார்க்கு ஒரு சோதனை எழுகிறது. வறியவன் என்பதற்கு ‘கடவுளற்றவன்’ என்று வேர்ப்பொருள் கூறிச் செல்வரைக் கடவுளுக்கு அணுக்கராக்கலாமோ? ஆகாது. அச்சொல் ‘பங்கு இழந்தவன்’ என்றே அமைந்தது. மேலும், மத்தேயு 5:3இல் போலிஷ் திருமறை பேறுபெற்றோராக அறிவிப்பது ‘உபோகி’ என்பதன் இனச்சொல்லால் குறிக்கப்படும் வறியோரையே. பங்கிழந்தோர்க்கே பரலோக ராஜ்யம் பங்காகிறது. தமிழ்த் திருமறையோ அதே வசனத்தில் அவர்களைப் ‘பாக்கியவான்கள்’ என்கிறது. அச்சொல்லும் அந்தப் பழைய வேரினதே. ஆயினும் அவர்கள் பேறு ஊழால் வாய்த்த பங்கன்று. ஆண்டவர் அருளும் ஈவாகும்.

சொற்பிறப்பைக் கொண்டு உபதேசத்தை நிறுவலாகாது என ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட நூலில் எச்சரித்தார். வேர் சொல்லின் கடந்த காலத்தை அறிவிக்கும். அதன் பொருளையோ அது நிற்கும் வாக்கியமே உறுதிசெய்யும். பிரசங்க பீடத்தில் நாம் இதனை மறவாதிருப்போமாக.