உருளைமேல் ஏறிய குதிரைகள்

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறியை ஒரு பிடி பிடிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் பக்கம் நிஜக் குதிரைகள் ஓடியது? 1842இல் தொடங்கிய பந்தயக் கழகம் 1933இல் ஃபேரர் பார்க்கை விட்டு புக்கித் தீமாவுக்குப் போனது, பிறகு கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5 அன்று கடைசி ஓட்டமும் முடிந்தது. இனி இந்த ஊரில் குதிரை எண்ண ஆசைப்பட்டால் காக்கி புக்கிட் ஒர்க்‌ஷாப்தான். விடுவேனா? கிளம்பிவிட்டேன்!

ஐயோ, அந்தச் சத்தம்! தரையோடு தரையாகப் பதித்த உருளைமேல் முன்சக்கரங்கள். நாலு மூலையிலும் பட்டை போட்டுக் கட்டிய பழைய 1.6 லிட்டர் ஸ்விஃப்ட் ஸ்போர்ட். எதிரே ஆளுயர விசிறி. நின்ற இடத்திலேயே கார் மணிக்கு 150 கிலோமீட்டர் ‘ஓடுகிறது’. “பட்டைக்கு நேரா நிக்காதீங்கக்கா!” என்று கத்துகிறான் கார்க்காரத் தம்பி. அறுந்தால் சவுக்குதான்.

திரையில் 101 குதிரைத்திறன். தம்பி முகம் தொங்கிப்போச்சு. கம்பெனி சொன்னது 125 ஆச்சே!

டைனோ, அதாவது இந்தச் சக்தி அளக்கும் கருவி, போடும் அங்கிள் சிரிக்கிறார். கம்பெனி சொல்வது இன்ஜின் தண்டில் அளந்த கணக்கு. அது கியர்பாக்ஸுக்கும் டயருக்கும் வரி கட்டிவிட்டு உருளைக்கு வரும்போது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து காணாமல் போகும். தவிர, அந்த 125 மெட்ரிக் குதிரை, 735.5 வாட் சாதி. ஆங்கிலேயக் குதிரை 745.7 வாட். அந்தக் கணக்கில் 123தான். அதோடு இன்ஜின் எண்ணெய் இன்னும் சூடாகவில்லை, பட்டையையும் இறுக்கித் தொலைத்திருக்கிறோம். டயரை உருளையில் அழுத்தினால் அழுத்தியதற்கே சக்தி செலவாகும். தளர்த்தி, காற்று பார்த்து, ஏசி அணைத்து, அதே நாலாவது கியரில் மறுபடி. 106. இன்னொரு தடவை. 106! இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தபோது நான் கைதட்டியே விட்டேன். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, திரும்பத் திரும்ப அதே எண் வருகிறதா என்பதைத்தான் இங்கே எல்லாரும் பார்க்கிறார்கள்.

இப்போது ரகசியம். இந்த உருளை டைனோவுக்கு இன்ஜினின் டார்க் (முறுக்குவிசை) நேரடியாகத் தெரியாது! உருளையில் விழும் விசை, உருளை சுற்றும் வேகம், இரண்டையும் பெருக்கினால் சக்தி. கிலோவாட்டை 9,549ஆல் பெருக்கி இன்ஜின் ஆர்பிஎம்மால் வகுத்தால்தான் நியூட்டன் மீட்டரில் டார்க். ஆர்பிஎம் எடுக்கும் ஒயர் சரியாகப் படிக்காவிட்டால் குதிரை சரியாக இருக்கும், டார்க் மட்டும் புளுகும். குதிரைத்திறனும் பவுண்டு-அடி டார்க்கும் ஒரே அளவுகோலில் வரைந்த தாளில் இரண்டு கோடும் 5,252 ஆர்பிஎம்மில் வெட்டிக்கொள்ளவில்லையா? காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம் நம்ம ஊர்க் காற்று. 31 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம். அந்தக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 3.4 கிலோபாஸ்கல் வெறும் நீராவி, எரிய உதவாத பங்காளி. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே1349 விதி 25 டிகிரியையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்றையும் அடிப்படையாக வைத்திருக்கிறது. அதற்கு ஈடுகட்ட நம் காற்றில் எடுத்த எண்ணை ஏறக்குறைய 3 விழுக்காடு ஏற்ற வேண்டும். ஆக, திரையில் தெரிந்த 106, உருளை நிஜமாகக் கண்டது 103. ஆனால் டர்போ காருக்கு இதை அப்படியே போடக்கூடாது. டர்போ தானே அழுத்தத்தைச் சரிக்கட்டிக்கொள்கிறது, அதன்மேல் நாமும் ஏற்றினால் பொய்க் குதிரைதான் பிறக்கும்.

சிங்கப்பூரில் இந்த எண்ணுக்குப் பணமதிப்பு வேறு! 2014 பிப்ரவரி முதல் சிஓஇ என்ற கார் உரிமச் சான்றிதழின் ஏ பிரிவுக்கு 1,600 சிசி மட்டும் போதாது, 97 கிலோவாட்டும் தாண்டக்கூடாது. 136 குதிரை பிஎம்டபிள்யூ 316ஐ அந்தக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. 2022 மே முதல் மின்கார்களுக்கு 110 கிலோவாட், பிற்பாடு 110 என்ற பெயரோடே ஒரு டெஸ்லா வந்து இறங்கியது. 2023 அக்டோபர் ஏலம் ஒன்றில் ஏ பிரிவு 106,000 வெள்ளி, அந்தக் கோட்டைத் தாண்டிய கார்களின் பி பிரிவு 150,001. ஒரு கிலோவாட் கூடினால் பாக்கெட்டில் எவ்வளவு ஓட்டை, பாருங்கள்!

தாள் அச்சாகும் நேரம். தம்பி குழைகிறான்: “அங்கிள், பழைய எஸ்ஏஇ கணக்குல ஒண்ணு போட்டுத் தாங்களேன்.” குளிர்ந்த, உலர்ந்த காற்றை வைத்து எழுதிய பழைய விதி அது. அங்கிள் ஒரு பட்டனைத் தட்டுகிறார். இன்ஜின் அணைந்தே கிடக்கிறது, திரையில் 106 குபீரென்று 110 ஆகிறது. தம்பி அதைத்தான் படம் பிடிக்கிறான்.