வலைக்கண்ணும் செவியும்

வில்லுப்பாட்டின் வில்லில் தொங்கும் மணிகளை ஒலிப்பதிவில் பிடிப்பது எளிய வேலையன்று. வீசுகோல் நாணில் விழுந்த கணத்தில் மணிகள் ஒருசேரச் சிலிர்க்கின்றன; அச்சிலிர்ப்பு அடங்குமுன் குடத்தின் வாயில் மட்டை அறைகிறது; இரண்டுக்கும் ஊடே உடுக்கை விம்முகிறது. புதுக்கடைப் பக்கத்துக் கொடைவிழாக்களில் இரவு முழுதும் இதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, மணியொலி மங்கிய பதிவு உப்பில்லாத கஞ்சி. ஆகவே, உயர்துல்லிய இசையியக்கி ஒன்று ஒரு மாத காலம் என் கைக்கு வந்தபோது, நான் அதில் முதலில் தேடியது அந்த மணிகளைத்தான்.

கருவி, வளைகுடா நாட்டில் பணிபுரியும், எனக்குத் தம்பி முறையான உறவினர் ஒருவருடையது. விடுப்பில் ஊருக்கு வந்தவர், “ஒரு மாசம் வச்சிருந்து பாருங்க அண்ணே; கொள்ளாமாண்ணு செல்லுங்க” என்று கொடுத்துச் சென்றார். தம்பிக்கு இதைவிட விலையுயர்ந்த ஒன்றை வாங்கும் எண்ணம் இருந்தது. அவருக்கு நான் சொன்ன விடையின் விரிவே இக்கட்டுரை.

தேங்காய்ப்பட்டணத்தில் வலை வாங்கப் போனால் முதலில் எழும் கேள்வி, எந்த மீனுக்கு என்பது. நெத்தோலிக்கு ஒரு கண், சாளைக்கு ஒரு கண், அயிலைக்கு இன்னும் பெரிய கண். இலக்கமுறை ஒலிப்பதிவும் ஒருவகை வலைவீச்சே. ஒலியலை ஓடிக்கொண்டிருக்க, அதன் உயரத்தை நொடிக்கு இத்தனை முறை என அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறோம். 1982-இல் பிலிப்சும் சோனியும் கொண்டுவந்த குறுந்தகட்டில் இந்த அளவீடு நொடிக்கு 44,100 முறை. ஒவ்வோர் அளவையும் எழுத 16 பிட், அதாவது 65,536 படிகள். உயர்துல்லியம் எனப்படுவதில் அளவீடு நொடிக்கு 96,000 அல்லது 1,92,000 முறை. எழுத 24 பிட், அதாவது ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். எண்களை மட்டும் பார்த்தால் குறுந்தகடு ஓட்டை வலைபோலத் தோன்றும்.

ஆனால் வலையின் கண் சிறுத்துக்கொண்டே போவதால் மட்டும் மீன் கூடிவிடாது. அந்தக் கடலில் உள்ள மிகச் சிறிய மீனைவிடச் சிறிய கண்ணுக்குப் பயனில்லை. ஆரி நைக்விசுட்டு 1928-இல் தொட்டு, கிளாடு சானன் 1949-இல் நிறுவிக் காட்டிய தேற்றம் இதையே சொல்கிறது: ஓர் அலையின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேல் அளந்துவிட்டால், அந்த அலை முழுமையாகக் கைக்கு வந்துவிடும். மாந்தச் செவி கேட்கும் உச்சம் 20 கிலோ எர்ட்சு, அதுவும் இளமையில். நடுவயதில் 15-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. 44,100 முறை அளந்தால் 22 கிலோ எர்ட்சு வரை பிடிபடும்.

விளம்பரப் படங்களில் குறுந்தகட்டின் ஒலியைப் படிக்கட்டுப் போலவும், உயர்துல்லிய ஒலியை வழுவழுப்பான வளைவு போலவும் வரைகிறார்கள். இப்படம் தவறு. மெத்தப் படித்தவர்களும் இதை நம்புவதைக் கண்டிருக்கிறேன். ஆதலால் சற்று நின்று விளக்க வேண்டும். எண்களிலிருந்து மின்னலையை மீட்கும்போது இறுதியில் ஒரு வடிகட்டி நிற்கிறது. அளந்த புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் செல்லக்கூடியதும், 22 கிலோ எர்ட்சுக்கு உட்பட்டதுமான வளைவு ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். வடிகட்டி அந்த ஒன்றையே வரைந்து தருகிறது. கருவியிலிருந்து வெளிவரும் அலையில் படிக்கட்டு எதுவுமில்லை. அலைகாட்டியில் பார்த்தால் வழுவழுப்பான கோடுதான். அளவீட்டைக் கூட்டினால் அதே கோடு மறுபடியும் வரும். கூடவே செவிக்கு எட்டாத உயர் அலைகள் வரும். வெண்கலத் தாளத்திலும் மணியிலும் அத்தகைய உயர் அலைகள் உண்மையில் உண்டு. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சேம்சு பாய்க்கு என்பார் மேலைநாட்டுப் பெருந்தாளம் ஒன்றின் அறைவை அளந்து, அதன் ஆற்றலில் 40 விழுக்காடு 20 கிலோ எர்ட்சுக்கு மேல் இருப்பதைக் கண்டார். இருப்பது வேறு, கேட்பது வேறு. சில செவிக்கருவிகளில் அந்த உயர் அலைகள் தம்முள் மோதி, மூலத்தில் இல்லாத ஒலிகளைச் செவிக்கெட்டும் எல்லைக்குள் பிறப்பிப்பதும் உண்டு.

இனி பிட். ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் என்பது கணக்கு. 16 பிட்டில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக வல்லொலிக்கும் இடையே 96 டெசிபெல்; 24 பிட்டில் 144. ஊர் அடங்கிய நள்ளிரவில் என் வீட்டு அறையில் 30 டெசிபெல் இரைச்சல் எப்படியும் இருக்கும்: மின்விசிறி, தவளை, தென்னோலை. அதற்கு மேல் 96 ஏற்றினால் 126. செவி வலிக்கத் தொடங்கும் எல்லை கடந்துவிட்டது. 144 ஏற்றினால் வருவதை எந்தச் செவியும் தாங்காது. கேட்பவருக்கு 16 பிட்டே மிகுதி.

இதைச் செவிகொண்டே சோதித்தவர்களும் உண்டு. 2007-இல் மேயர், மோரன் என்னும் இருவர் அமெரிக்காவில், உயர்துல்லிய ஒலியையும் அதையே குறுந்தகட்டு அளவுக்குக் குறைத்த ஒலியையும், எது எதுவெனச் சொல்லாமல் கேட்கச் செய்து முடிவை வெளியிட்டனர். 554 முறையில் 276 முறை விடை சரி. நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவே வரும். 2016-இல் இலண்டன் குயின் மேரிப் பல்கலைக்கழகத்தின் சோசுவா ரீசு, 18 ஆய்வுகளின் 12,000-க்கும் மேற்பட்ட கேட்புகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தார். சரியான விடை 52 விழுக்காட்டை ஒட்டி நின்றது. பயிற்சி பெற்ற செவியினரிடம் அது 60-ஐ நெருங்கியது. ஆகவே வேறுபாடே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், பழக்கப்பட்ட செவிக்கும் மயிரிழையாய்த் தெரிவதற்கு எவ்வளவு பணம் தகும் என்பதே நம் கேள்வி.

நானும் வீட்டில் செய்து பார்த்தேன். என்னிடமிருந்த உயர்துல்லிய வில்லுப்பாட்டுப் பதிவு ஒன்றைக் குறுந்தகட்டு அளவுக்கு இறக்கி, ஒலியின் உரப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். இது இன்றியமையாதது. அரை டெசிபெல் கூடினாலும் செவி அதைத் “தெளிவு” என்று மயங்கும்; கடையில் புதுக் கருவி இனிப்பதில் பாதி இம்மயக்கமே. அக்காள் மகன் கருவியைத் தன் முதுகுக்குப் பின் வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி ஓட்டி, “மாமா, இது எதாக்கும்? செல்லுங்க” என்றான். பதினாறு முறையில் ஒன்பது சரி. மணிகள் இரண்டிலும் ஒன்றுபோலவே சிலிர்த்தன. பின்னர் அதே பாட்டை நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக நசுக்கி வைத்தோம். முதல் வீச்சிலேயே தெரிந்துவிட்டது: மணிகள் ஈர மணலில் விழுந்தாற்போல் நசநசவென்றன. பதினாறில் பதினான்கு சரி. பள்ளம் கிடக்கும் இடம் அதுதான். குறுந்தகட்டுக்கும் உயர்துல்லியத்துக்கும் இடையே அன்று, மிகையாக நசுக்கிய கோப்புக்கும் நசுக்காத கோப்புக்கும் இடையே.

அப்படியானால் அக்கருவி வீணா? இல்லை. அதன் நலம் விளம்பரம் சொல்லும் இடத்தில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது. முதலாவது, செவிக்கருவியை ஓட்டும் வலிமை. 300 ஓம் மின்மறுப்புடைய பெரிய தலைக்கருவிகளுக்குத் திறன்பேசி தரும் மின்னழுத்தம் போதாது. ஒலி மெலிந்து, பறையின் அடி தளர்ந்துவிடும். காதுக்குள் செருகும் சிலவகைச் செவிக்கருவிகளில் சிக்கல் வேறு: அவற்றின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். கருவியின் சொந்த மறுப்பு மிகுதியாக இருந்தால், சில சுரங்கள் உப்பியும் சில வற்றியும் கேட்கும். நல்ல இசையியக்கியில் இம்மறுப்பு ஓர் ஓமுக்கும் குறைவு. குடத்தின் அடியில் எழும் கனத்த ஒலி எனக்கு அக்கருவியில் கட்டுக்கோப்பாகக் கேட்டதற்கு இதுவே ஏது. 24 பிட் அன்று.

இரண்டாவது, அது இசையைத் தவிர வேறொன்றும் செய்யாது. அழைப்பு வராது, செய்தி மின்னாது. இடவப்பாதி மழை பிடித்து இணையம் அறுந்தாலும் நினைவட்டையில் உள்ள பாட்டு ஓடும். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு மாதமும் இரவில் ஒரு மணி நேரம் பாட்டு மட்டுமே கேட்டேன். நெடுநாளாக அப்படி அமர்ந்ததில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. 24 பிட், 192 கிலோ எர்ட்சில் ஐந்து நிமிடப் பாட்டு, சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 345 மெகாபைட்டு. குறுந்தகட்டு அளவில் 53. உயர்தர எம்பி3-இல் 12. கோப்பு பெருக, நினைவட்டையையும் பெருக்க வேண்டும். மின்கலமும் விரைந்து கரையும். எடையைச் சொல்வதானால், சோனி 2016-இல் பொன்முலாம் பூசிய செம்புக் கூட்டோடு வெளியிட்ட இயக்கி 455 கிராம். சட்டைப்பையில் அரைக்கிலோ அரிசியைச் சுமப்பதற்கு நிகர். அமெரிக்கப் பாடகர் நீல் யங் முன்னின்று 2014-இல் பொதுமக்களிடம் 60 இலட்சம் டாலருக்கு மேல் திரட்டி உருவாக்கிய போனோ என்னும் முக்கோண இசையியக்கி, 399 டாலர் விலையில் வந்து, 2017-க்குள் நின்றுபோயிற்று. அதனோடு இணைந்த பாட்டுக்கடை அதற்கு முன்பே மூடப்பட்டது. இதற்கிடையே திறன்பேசியின் வாயில் செருகும், எண்ணை மின்னலையாக்கும் விரல்நுனி அளவிலான மாற்றி ஒன்று, மிகச் சிறு விலையில், தூய ஒலியைத் தந்துவிடுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2021 சூன் முதல் உயர்துல்லியப் பாட்டுகளைக் கூடுதல் கட்டணமின்றியே வழங்குகிறது. புளூடூத் வழியே கேட்பவருக்கோ இந்த ஆய்வே தேவையில்லை. அதில் புகழ்பெற்ற எல்டாக் முறையும் உச்சமாக நொடிக்கு 990 கிலோபிட்டே கடத்தும், குறுந்தகட்டுக்கு வேண்டியதோ 1,411.

எங்கள் ஊருக்கென்று ஒரு குறையும் உண்டு. கடற்காற்று. தேங்காய்ப்பட்டணத்து உப்பு, காற்றில் ஏறிப் புதுக்கடை வீடுகளின் சன்னல் கம்பியைத் தின்பதை யாவரும் அறிவர். அது செருகியின் மஞ்சள் முலாமையும் விடாது. என் பழைய செவிக்கருவி ஒன்றின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்து, ஒரு காது செத்துப்போயிற்று. திறந்து மின்கலம் மாற்ற வழியில்லாத விலையுயர்ந்த கருவிக்கு இவ்வூர் நல்ல புகலிடமன்று.

அதனினும் அஞ்சத் தக்கது பேருந்து. மார்த்தாண்டம் செல்லும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து அந்தக் கருவியை ஓட்டினேன். உள்ளிரைச்சல் 75 டெசிபெல்லை எளிதில் தாண்டும். அதை வெல்ல ஒலிச்சக்கரத்தைத் திருகத் திருக, வலிமை மிக்க கருவி தயங்காமல் தந்துகொண்டே இருந்தது. இறங்கியபின் காதில் ஒரு ரீங்காரம். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பது பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, சிறுவர்க்கு 75. ஒலி 3 டெசிபெல் கூடினால் பொறுக்கத் தக்க நேரம் பாதியாகும். 20 கிலோ எர்ட்சைக் கேட்கவென்று பணம் செலவிட்டு, 8 கிலோ எர்ட்சையும் இழந்துவிடக் கூடாது. தம்பியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் உயிரெனப் போற்றும் பாட்டுகள் எதில் பதிவாயின? 1944-இன் ‘அரிதாசு’ படப் பாட்டுகள் அக்காலப் பதிவுமுறையின் எல்லைக்குள் அடங்கியவை. பின்வந்த பல்லாண்டுப் பாட்டுகள் காந்தநாடாவில். நாடாவின் இரைச்சலைக் கழித்தால் 60, 70 டெசிபெல் நிற்கும். அவற்றை 24 பிட்டில் மறுபதிவு செய்து விற்றால், நாடாவின் சீறலைத்தான் மிகத் துல்லியமாகக் கேட்போம். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984 அக்டோபர் 30-இல் நாகர்கோவில் நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. பண்பலையில் ஒலி 15 கிலோ எர்ட்சோடு நின்றுவிடும். அந்த 15-க்குள் இந்த மாவட்டமே கண்ணீர் விட்டுப் பாட்டுக் கேட்டிருக்கிறது.

ஆக, 24 பிட்டுக்கு வேலையே இல்லையா? உண்டு, அது கேட்கும் முனையில் இல்லை, பதியும் முனையில் இருக்கிறது. பதிவு செய்பவனுக்கு அடுத்த கணம் எவ்வளவு ஒலி வருமெனத் தெரியாது. செண்டை வெடிக்கும் என அஞ்சி அளவைத் தாழ்த்தி வைத்தால், 16 பிட்டில் மென்குரல் அடிப்படிகளில் நசுங்கும். உயர்த்தி வைத்தால் செண்டை தலைவெட்டுப்படும், வெட்டுப்பட்டதை எவராலும் ஒட்ட முடியாது. 24 பிட் தரும் கூடுதல் 48 டெசிபெல், அந்த அச்சத்தைப் போக்கும் இடைவெளி. தம்பி வாங்க எண்ணிய இயக்கியின் விலையில் கையடக்க ஒலிப்பதிவி ஒன்றும், நல்ல கம்பிச் செவிக்கருவி ஒன்றும் வாங்கிப் பணமும் மிஞ்சும். வில்லடிக்கும் முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். இயக்கியைத் திருப்பித் தரும்போது அதையே சொன்னேன். அவரும் பதிவியே வாங்கி என்னிடம் விட்டுச் சென்றார்.

அடியார்கள் கோயில் கோயிலாக ஓடும் சிவாலய ஓட்டம் தொடங்கும் மாலையில் அதை எடுத்துக்கொண்டு முன்சிறைத் திருமலைக் கோயில் முன் நின்றேன். அளவுமுள்ளை உச்சத்துக்கு 20 டெசிபெல் கீழே நிறுத்தியிருந்தேன். அக்காள் மகன் ஒலிவாங்கியின் மேல் துணியைப் பிடித்துக் காற்றை மறித்தான். முதலில் யாரோ இருவர் மெல்லப் பேசும் குரல், செருப்பைக் கழற்றும் ஓசை. பிறகு “கோவிந்தா… கோபாலா…” என்று ஒரே வெடிப்பாய் ஓட்டம் கிளம்பியது. முள் துள்ளி எழுந்து, உச்சத்தைத் தொடாமல் நின்றது. வீட்டுக்கு வந்து, பதிவை 16 பிட்டாக இறக்கி, திறன்பேசியில் மாற்றியைச் செருகிக் கேட்டேன். முழக்கம் தேய்ந்து தொலைவில் போகையில், ஓடுவோர் கையிலிருந்த ஓலை விசிறிகள் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பு தனித்துக் கேட்டது.