பச்சை குத்தச் செல்கிறீர்களா? கையில் இருக்க வேண்டியவை

புணே நகரின் ஒரு டாட்டூ நிலையத்தில், ஒரு சனிக்கிழமை காலை, எம் தோழி ஒருவருக்குத் துணையாக நாம் அமர்ந்திருந்தோம். மறைந்த தம் பாட்டியின் பெயரைத் தமிழ் எழுத்துகளில் முன்கையில் பொறித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். முன்பணம் செலுத்தி மூன்று வாரம் காத்திருந்து பெற்ற நேரம் அது. கலைஞர் மராத்தி பேசுபவர், கைத்திறன் மிக்கவர், ஆனால் தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். கணினியில் அச்சிட்ட ஸ்டென்சில் தாளைத் தோழியின் கையில் ஒட்டி அவர் உரித்தபோது, ஊதா நிறத்தில் பெயர் பதிந்திருந்தது. முதலெழுத்தின் முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு, எழுத்தைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. மெய்யெழுத்துகளின் புள்ளிகள் தனியே மிதந்தன.

நல்வாய்ப்பாக, ஊசி இன்னும் தோலைத் தொடவில்லை.

இது அந்தக் கலைஞரின் குற்றமன்று. கைப்பேசியில் சரியாகத் தெரியும் தமிழ்ச் சொல்லை எடுத்து, இந்திய எழுத்துகளுக்கென அமைக்கப்படாத வரைகலை மென்பொருளில் ஒட்டினால், கொம்பும் காலும் புள்ளியும் இவ்வாறு இடம் மாறுவதுண்டு. எழுத்தை அறிந்தவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். அறியாதவருக்கு அதுவும் ஓர் அழகிய வடிவமே. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்து, தாய்மொழியில் பெயர் பொறித்துக்கொள்ள விரும்பும் எவருக்கும் இது நேரலாம். ஆகவே அந்த நாளில் கொண்டுசெல்ல வேண்டிய பொருள்களில் முதலிடம் ஒரு தாளுக்கே: பெயரோ சொல்லோ, தெளிவான கையெழுத்தில் பெரிதாக எழுதி, வீட்டில் இருவர் படித்துச் சரிபார்த்த தாள். லகர ளகர ழகரங்களை அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டென்சில் பதிந்த பின், கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். கண்ணாடியில் எழுத்து திரும்பித் தெரியும். கைப்பேசியின் பின்புறக் கேமராவால் படம் எடுத்து, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி, அவர் உரக்கப் படித்துச் சொல்லும் வரை காத்திருங்கள். ஸ்டென்சிலை அழித்து மீண்டும் பதிக்கச் சில நிமிடங்கள் போதும். ஊசி பதித்ததை லேசர் கொண்டு அகற்றுவதோ பல அமர்வுகள் நீளும். பச்சை குத்திய செலவைவிட அந்தச் செலவு பெரும்பாலும் மிகுதியாகும்.

வங்கியின் இதழ் என்பதால் இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க இயலவில்லை. தந்தையின் கையொப்பத்தைப் பொறித்துக்கொள்ளச் சிலர் விரும்புகின்றனர். அதற்காகப் பழைய காசோலையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் நிலையத்துக்கு அனுப்பிவிடுகின்றனர். கணக்கு எண்ணும் கையொப்பமும் ஒரே படத்தில் முன்பின் அறியாதவர் கைக்குப் போய்ச் சேருகின்றன. வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் வங்கியில் இன்றும் இடும் கையொப்பத்தை ஊரார் பார்க்கும் இடத்தில் பொறிக்கவே வேண்டாம். அவர் எழுதிய கடிதத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். அன்பு அதில் குறையாது.

அடுத்து அடையாளச் சான்று. 18 வயது நிறைந்தவர் என்பதற்கான ஆவணத்தைப் பொறுப்புள்ள நிலையங்கள் கேட்கும். ஒப்புதல் படிவத்திலும் கையெழுத்து வாங்கும். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஆதார் நகல் கேட்டால், எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, முன்பணம் செலுத்திய பதிவை எடுத்துச் செல்லுங்கள். அது மொத்தத் தொகையில் கழிக்கப்படுமா, தேதியை மாற்றினால் திரும்ப வருமா என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வைத்திருப்பது நலம். மீதியை யுபிஐ வழியாகச் செலுத்தும்போது, திரையில் தோன்றும் பெறுநர் பெயரைப் பார்த்த பிறகே பின் எண்ணை இடுங்கள். 'முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், பின் எண்ணை இடுங்கள்' என்று யாரேனும் சொன்னால் அது ஏமாற்று. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

உடலையும் ஆயத்தமாகத்தான் கொண்டுசெல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு நாற்காலியில் அமர்ந்து மயங்குபவர்கள் உண்டு. நன்றாக உண்டு, தண்ணீர்ப் புட்டியும் சிறிது கடலைமிட்டாயும் எடுத்துச் செல்லுங்கள். முந்தைய நாள் மது கூடாது. மையின் கறை துணியில் எளிதில் போகாது. பழைய, கருநிற, தளர்ந்த உடையே தகும். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஒன்றும் பையில் இருக்கட்டும். ஆஸ்பிரின் போன்ற, குருதி உறைவதைத் தாமதப்படுத்தும் மருந்தை உட்கொள்பவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், காயம் தழும்பாகத் தடித்து வளரும் இயல்புடையவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வண்ண மைகளில் சிவப்பே ஒவ்வாமையை அதிகம் உண்டாக்குவது. கருவுற்றிருப்போர் தள்ளிப்போடுவதே நல்லது.

நம் பாட்டிமார் காலத்தில் இவை எதுவும் இல்லை. திருவிழாவிலும் வீட்டுத் திண்ணையிலும் பச்சை குத்துபவரிடம் கையை நீட்டினால் போதும். ஒரே ஊசி ஊர்ப் பெண்கள் அனைவரின் கையிலும் கோலம் போட்டது. வடநாட்டில் கோதனா என்று இதற்குப் பெயர். அந்த ஊசி வழியே மஞ்சள்காமாலைக் கிருமியும் கை மாறியிருக்கக்கூடும் என்பதை இன்று அறிவோம். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் குருதி வழியே பரவுபவை. எனவே முத்திரை பிரியாத உறையிலிருந்து புதிய ஊசியை உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள். மையும் புதிய சிறு கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும். கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. நல்ல கலைஞர் நீங்கள் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். பொதுவாக ஆறு மாத இடைவெளிக்குள் மூன்று தவணைகள்.

நாட்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். நம் நாட்டின் வழிகாட்டு நெறிகளின்படி, பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதங்களுக்கு இரத்த தானம் செய்ய இயலாது. தானம் செய்யும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். இராணுவப் பணியை நாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் உள்ள நிலையான பச்சையே பொதுவாக ஏற்கப்படுகிறது; மரபாகப் பச்சை குத்தும் பழங்குடியினருக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. தோள்பட்டையில் ஆசையாய்ப் பொறித்த ஒன்று, ஆள்சேர்ப்பு மருத்துவத் தேர்வில் தடையாக நிற்கலாம்.

புணேக்குத் திரும்புவோம். தோழி ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தார். பெட்டியைக் கிளறிய அவருடைய அம்மா, பாட்டி எழுதிய பழைய இன்லேண்ட் கடிதம் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினார். கடிதத்தின் அடியில் பாட்டியின் பெயர், சற்றே சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. கலைஞர் கணினியை மூடிவிட்டு, அதன்மேல் மெல்லிய தாள் வைத்துக் கையாலேயே பிரதி எடுத்தார். தோழி படித்தார், நாமும் படித்தோம், தொலைபேசியில் அம்மாவும் படித்தார். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது.

கையைத் துடைத்து மெல்லிய உறை ஒட்டிய பின், இதை எப்படி உச்சரிப்பது என்று கலைஞர் கேட்டார். தோழி சொன்னார். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்; இரண்டாம் முறை ளகரம் ஏறக்குறைய சரியாகவே வந்தது.