சிங்கக் குட்டி சொல்லிக் கொடுத்தது

எனக்கு வயது 38. பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. என் ஒரே மகளுக்கு பிளஸ் டூ முடித்ததும் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தது. ஆனால் காலேஜ் எங்கள் ஊரிலிருந்து ஆறு மணி நேர பஸ் பயணம். ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். என் கணவர் சம்மதித்து விட்டார். நான்தான் முடியவே முடியாது என்று பிடிவாதமாக நின்றேன். பின்னே என்ன? இந்த வயசிலும் நான்தான் தலை பின்னி விடணும். ஒரு காபி போடத் தெரியாது. மகள் நாலு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த என் தம்பி பையன், "அத்தை, எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம், சிங்கம் படம்" என்று 'பார்ன் ஃப்ரீ' என்ற இங்கிலீஷ் படத்தை டி.வி.யில் போட்டான். 1966-ல் வந்த படம். எனக்கு இங்கிலீஷ் புரியாததால், கோபத்தை மறந்து மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள்.

கென்யா நாட்டில் நடந்த உண்மைக் கதை இது. 1956-ல் ஜார்ஜ் ஆடம்சன் என்ற வன விலங்கு அதிகாரி, தன் மேல் பாய்ந்து வந்த பெண் சிங்கத்தைச் சுட்டு விடுகிறார். பிறகுதான் தெரிகிறது, அதற்கு மூன்று குட்டிகள்! அவர் மனைவி ஜாய், தாயில்லாத அந்தக் குட்டிகளுக்குப் பால் கொடுத்து வளர்க்கிறார். பெரிய குட்டிகள் இரண்டும் ஹாலந்து நாட்டு மிருகக்காட்சி சாலைக்குப் போக, கடைக்குட்டி எல்சா மட்டும் வீட்டுப் பிள்ளையாகி விடுகிறது.

வளர்ந்த எல்சா யானைக் கூட்டத்தை மிரட்டி விட, அவை பயிரை மிதித்து நாசமாக்குகின்றன. இனி மிருகக்காட்சி சாலைதான் என்கிறார் மேலதிகாரி. ஜார்ஜும், அங்கே நல்லபடியாகத்தானே இருக்கும் என்கிறார். ஜாய் ஒப்புக் கொள்ளவில்லை. சுதந்திரமாய்ப் பிறந்தது, காட்டில்தான் வாழணும் என்கிறார். இதைச் சொல்லும்போது என் மகள் குரல் கம்மி விட்டது. என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்து கொண்டாள்.

காட்டில் விட்டால் எல்சாவுக்கு வேட்டையே தெரியவில்லை. ஒரு காட்டுப் பன்றி அதைப் போட்டு விரட்டுகிறது! எல்லாரும் சிரித்தோம். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பட்டினியும் காயமுமாக நிற்கிறது. எனக்குச் சுருக்கென்றது. வேட்டை தெரியாதது அதன் குற்றமா? வளர்த்தவர்கள் சோறு போட்டார்களே தவிர, தேடிச் சாப்பிடப் பழக்கவில்லையே! ஜாய் அதைத் திரும்பக் கூட்டி வந்து அடைக்காமல், பொறுமையாகப் பழக்குகிறார். கடைசியில் எல்சா வேட்டையாடிப் பிழைத்து, மூன்று குட்டிகளோடு அவர்களைப் பார்க்க வரும்போது எனக்கு அழுகையே வந்து விட்டது. ஆசையிருந்தும் அந்தக் குட்டிகளை ஜாய் தொடவில்லை.

நிஜ எல்சா 1961-ல், ஐந்து வயதில், உண்ணியால் வரும் நோயில் இறந்து விட்டதாம். தம்பி பையன் சொன்னபோது, 'பார்த்தியா, கூடவே வெச்சிருந்தா...' என்று மனசு அடித்துக் கொண்டது. ஆனால் வீட்டோடு இருந்தால் மட்டும் நோய் வராதா என்ன?

மறுநாளே அட்மிஷனுக்குச் சரி என்றேன். மீதியிருந்த ஒன்றரை மாதமும் எங்களுக்கு வேட்டைப் பழக்கம்தான்! ரசம் வைக்க, துணி துவைக்க, பாங்க்கில் சலான் எழுத, தனியாக பஸ் ஏறிப் போய் வர, எல்லாம் பழக்கினேன்.

ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரம் போனில் அழுதாள். ஓடிப் போய்க் கூட்டி வந்து விடலாமா என்று பையை எடுத்து வைத்து விட்டேன். பல்லைக் கடித்துக் கொண்டு இருந்தேன். தீபாவளிக்குத் தானே தலை பின்னிக் கொண்டு வந்து இறங்கினாள். அவளே எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். குறை சொல்லாமல் குடித்தேன்.

சகோதரிகளே, பெண்ணை வெளியூருக்கு அனுப்புவதா என்று கவலைப்படும்போது, அனுப்புகிற மாதிரி வளர்த்திருக்கிறோமா என்றும் கொஞ்சம் யோசியுங்களேன்.

- ஒரு வாசகி, தேனி.